அருவிக்கு மேலே குழாய் தேடிய இரண்டு பேர்

இயேசு மரி சூசை

ஆவூர்,
டிசம்பர் 9, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஸ்வீட்டிக்கு அப்பா எழுதுவது,

இங்கே நானும் அம்மாவும் சுகம். நீயும் அங்கே சுகம் என்று சனிக்கிழமை போனில் சொன்னாய். வேறு யாராவது சொல்லியிருந்தால் இரண்டு சாட்சி கேட்டிருப்பேன், நீ சொன்னதால் அப்படியே எடுத்துக்கொண்டேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மருந்து சாப்பிட்டதாலா அல்லது மருந்து தீர்ந்துபோனதாலா என்று டாக்டருக்கே தெளிவில்லை. இந்த வருஷம் மழை குறை வைக்கவில்லை, பெரிய கண்மாய் நிரம்பிக் கலிங்கு வழியாகத் தண்ணீர் போகிறது, அதைப் பார்க்க ஜனங்கள் தினமும் போய் நிற்கிறார்கள், நம் ஊரில் தண்ணீர் ஓடுவதைக் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார்கள். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். போனில் நான் இரண்டு வாக்கியம் முடிப்பதற்குள் நீ சரிப்பா சரிப்பா என்கிறாய், எதற்குச் சரி சொன்னாய் என்று பிறகு கேட்டால் உனக்கே தெரிவதில்லை. காகிதத்தில் எழுதினால் நடுவில் யாரும் சரி சொல்ல முடியாது.

கீரமங்கலம் ஆண்ட்ரூஸ் தன் மகன் மெல்வினுக்கு உன்னைக் கேட்டு ஒரு மாதம் ஆகிறது. பொங்கல் கழிந்து மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று சாமியார் அறிவித்து, யாரும் வந்து சொல்லாமல் இருந்தால் பிப்ரவரியில் கல்யாணம் என்று அவர்கள் திட்டம் வைத்திருந்தார்கள். டிசம்பர் ஏழு ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றார்கள். நான் உன்னைக் கேட்டேன். நீ ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. “ஆறாந்தேதி ஒங்க ரெண்டு பேருக்கும் ஒரு டூர் புக் பண்ணியிருக்கேம்ப்பா, காட்டுக்குள்ள சும்மா நடந்து போயி அருவி பாக்குறது, ரொம்ப ஈஸி, அத முடிச்சுட்டு வந்து கீரமங்கலத்துக்குப் பதில் சொல்லிக்கலாம்” என்றாய். கீரமங்கலத்துக்கும் அருவிக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டபோது லைன் கட்டாகிவிட்டது. அயர்லாந்தில் லைன் எப்போது கட்டாக வேண்டுமோ அப்போது சரியாகக் கட்டாகிறது. நீ எதற்காக எங்களை அங்கே அனுப்பினாய் என்பது சனிக்கிழமை பதினொன்று இருபதுக்கு எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் வரிசையாகச் சொல்கிறேன், நடந்தது நடந்தபடி எழுதித்தான் எனக்குப் பழக்கம்.

முதல் சந்தேகம் அருவி என்ற சொல்லிலேயே வந்தது. அறுபத்து மூன்று வருஷமாக இந்த மாவட்டத்தில் இருக்கிறேன், இங்கே தண்ணீர் உயரத்திலிருந்து விழுந்தால் மேல்நிலைத் தொட்டியில் ஓட்டை என்று பஞ்சாயத்துக்குச் சொல்லிவிடுவார்கள், ஷூ போட்டுக்கொண்டு பார்க்கப் போக மாட்டார்கள். இரண்டாவது, நான் சார்பதிவாளர் அலுவலக வாசலில் முப்பத்தொரு வருஷம் பத்திரம் எழுதியவன். வேன், காலை டிபன், பசுமையான சூழல் இந்த மூன்றும் செலவில்லாமல் ஒரே நாளில் ஒருவனுக்குக் கிடைத்தால் நான்காவதாக என்ன வரும் என்பது எனக்குத் தெரியும். மனை வரும். பாறையில் நாலு கல்லை நட்டு, ஒரு வேப்பங்கன்றை வைத்து, ஏதோ கார்டன் என்று பெயர் எழுதி, பார்க்க வந்தவர்களுக்குப் பொங்கல் வடை கொடுத்து, சாயங்காலத்துக்குள் முன்பணம் வாங்கிவிடுவார்கள். வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற பெற்றோர் என்றால் அவர்களுக்கு இன்னும் விசேஷம். என் மகள் நல்ல பிள்ளை, யாரோ அவளைப் பிடித்துவிட்டார்கள், என்று முடிவு கட்டினேன். உன்னை நான் சந்தேகப்படவில்லை, அதை இங்கே குறித்துக்கொள்.

பிறகு, காட்டில் நடக்க அனுப்புகிறேன் என்று நீ சொன்ன ஷூ வந்தது. நீல நிறம், அடியில் ஆரஞ்சுப் பட்டை. என் கால் ஏழு, வந்தது ஒன்பது. பெட்டிக்குள் இருந்த பில்லில் ஆர்டர் செய்தவர் வசந்தகுமார் என்று அச்சடித்திருந்தது, கடைக்காரன் பெயர் என்று நினைத்து மேற்கொண்டு படிக்கவில்லை. திருப்பி அனுப்ப அவகாசம் இல்லை, அந்தப் பில்லையே மடித்து ஒரு ஷூவின் முனையிலும் தினசரித் தாளைச் சுருட்டி இன்னொன்றின் முனையிலும் திணித்துக்கொண்டு கிளம்பினேன். கீரனூரில் ஏழரை மணிக்கு வேன் வந்தது. உள்ளே ஆறு கல்லூரிப் பிள்ளைகள், முன் சீட்டில் எங்கள் வயதில் ஒரு கணவன் மனைவி. புதுக்கோட்டையிலேயே ஏறி நல்ல இடம் பிடித்திருந்தார்கள். அந்த மனுஷர் காலில் நீல நிற ஷூ, ஆரஞ்சுப் பட்டை. என் காலையும் அவர் பார்த்தார். நான் அம்மா காதில், இந்த ஆள் கம்பெனி ஆள், நமக்கு முன்னாலேயே இரண்டு மனை வாங்கிவிட்டேன் என்று சொல்வதற்காக உட்கார வைத்திருக்கிறார்கள், சீருடை கூடக் கொடுத்திருக்கிறார்கள் பார் என்றேன். அம்மா, “அந்தச் சீருடையத்தானங்க நீங்களும் போட்டுருக்கீங்க” என்றாள். நான் காலைச் சீட்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

நார்த்தாமலையைத் தாண்டிக் காப்புக்காட்டு ஓரத்தில் இறக்கினார்கள். நடத்திக்கொண்டு போகிற பையன் பெயர் கார்முகில், தாவரவியல் படித்தவன், கழுத்தில் விசில். இரண்டு மொட்டைப் பாறைக் குன்றுகளுக்கு நடுவே பள்ளத்தில் ஒற்றையடிப் பாதை, போக இரண்டரை கிலோமீட்டர், ஏற்றம் கிடையாது. நீ ஈஸி என்று சொன்னது உண்மைதான், கால் ஏழும் ஷூ ஒன்பதுமாக இல்லாதவர்களுக்கு. வீரை, பாலை, காரை, சூரை, உசிலை என்று பதினேழு மரம் செடிக்குப் பெயர் சொன்னான், ஒவ்வொன்றின் முன்னாலும் நின்றான், ஒரு தடவை கூட செண்ட் என்ன விலை என்று வாய் திறக்கவில்லை. அந்தப் பொறுமை எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது. அவசரப்படுகிற வியாபாரியிடமிருந்து தப்பித்துவிடலாம். ஓரிடத்தில் நின்று “எவ்வளவு அமைதியா இருக்கு பாத்தீங்களாங்கய்யா” என்றான். இதோ வருகிறது என்று நான் சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டேன். அவன் ஒரு மயிலைக் காட்டினான். இது காப்புக்காடு, இதில் ஒரு பிடி மண்ணைக்கூட யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது என்று எனக்கே தெரியும், ஆனால் சட்டப்படி விற்க முடியாத இடங்களைத்தான் அவர்கள் மிகவும் குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள்.

அந்த மனுஷர் என் பக்கத்திலேயே வந்தார். பெயர் ஆண்டியப்பன், திருவரங்குளத்தில் உரக்கடை. வீட்டம்மா பிரகதாம்பாள். நடையில் ஒரு நொண்டல் இருந்தது, நானும் ஷூ கழன்றுவிடாமல் காலை இழுத்துக்கொண்டு போனேன், பின்னால் வந்த கல்லூரிப் பிள்ளைகள் எங்களுக்கு வழிவிட்டு மரியாதையாகச் சிரித்தார்கள். அவர் என்னிடம் எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், என்ன வேலை என்று விசாரித்தார். நான் எல்லாவற்றுக்கும் பாதிப் பாதி பதில் சொன்னேன். பத்திரம் எழுதுகிறவன் என்றதும் அவர் முகம் மாறியது, “ஓகோ, பத்திரத்தையும் கையோட கூட்டிட்டு வந்துட்டாங்யளா” என்றார். அப்போதுதான் தெரிந்தது, என்னைக் கம்பெனி ஆள் என்று அவர் நினைத்திருக்கிறார். உங்களுக்குப் பிள்ளைகள் என்றேன். ஒரே மகன், அயர்லாந்தில் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறான், அவன்தான் இந்த டூருக்கு அனுப்பினான் என்றார். ஸ்வீட்டி, உன் அப்பன் எவ்வளவு கெட்டிக்காரன் என்று இப்போது பார். நீ அயர்லாந்தில் ஆஸ்பத்திரியில் நர்ஸ், அவர் மகன் அயர்லாந்தில் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே, இரண்டு பேரும் அப்பா அம்மாவை ஒரே நாளில் ஒரே அருவிக்கு அனுப்பியிருக்கிறார்கள், இரண்டு அப்பாவுக்கும் ஒரே ஷூ. இதிலிருந்து நான் எடுத்த முடிவு என்னவென்றால், அயர்லாந்து முழுவதும் அந்த மனைக் கம்பெனி ஏஜெண்டு வைத்திருக்கிறது என்பது. அதை அவரிடமும் சொன்னேன். அவர் தலையாட்டி, “நானும் அதான் சார் நெனச்சேன்” என்றார்.

அருவி பதினோரு மணிக்கு வந்தது. ஓர் ஆள் உயரமும் இன்னொரு பாதி ஆளும் இருக்கும், பாறையில் ஒட்டிக்கொண்டு வழிந்து கீழே இடுப்பளவு குட்டையில் விழுகிறது. அழகாகத்தான் இருந்தது. கார்முகில் இது மழைக்காலத்தில் ஆறு வாரம் மட்டும் இருக்கும், அப்புறம் வெறும் பாறைதான் என்றான். ஆறு வாரம் மட்டும் என்றதும் எனக்குத் திக்கென்றது. வாங்குகிறவர்கள் வந்துபோகிற வரைக்கும் மேலே ஒரு மோட்டார் ஓடினால் போதுமே. அம்மாவும் பிரகதாம்பாளும் குட்டையில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்ததும் நான் பக்கவாட்டில் பாறையைப் பிடித்து மேலே ஏறினேன், குழாய் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க. மேலே போய்ப் புதரை விலக்கினால் அந்தப் பக்கமிருந்து இன்னொருவர் அதே புதரை விலக்குகிறார். ஆண்டியப்பன். “என்ன சார், இங்கிட்டு?” என்றார். சும்மா, நீங்கள் என்றேன். “நானும் சும்மாதான்.” இரண்டு பேரும் கொஞ்ச நேரம் செடியைப் பார்த்தோம். பிறகு அவரே, “பைப்பு இருக்கா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அங்கிட்டும் இல்ல” என்றார். நிஜமாகவே மேலே பாறைக் குழியில் நாலு நாள் மழைத் தண்ணீர் தேங்கி, அது நிரம்பி, தன்பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் அது கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

நனைந்த ஷூவைக் கழற்றி உதறலாம் என்று அங்கேயே உட்கார்ந்தோம். என் ஷூவிலிருந்து மடித்த காகிதம் வந்து விழுந்தது. அவர் பெருவிரல் சிவந்து வீங்கியிருந்தது. ஒன்பதாம் நம்பர் காலுக்கு ஏழு அனுப்பியிருக்கிறார்கள் என்றார். எனக்கு ஏழுக்கு ஒன்பது என்றேன். அவர் அந்தக் காகிதத்தை எடுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு பிரித்தார், இரண்டு தடவை படித்தார். “சார், இது எம் மயன் பேருல்ல? வசந்தகுமார் ஆண்டியப்பன்னு போட்டுருக்கு. எம் மயன் எதுக்கு ஒங்களுக்கு ஷூ வாங்கிக் குடுக்குறான்?” என்றார். மணி பதினொன்று இருபது. அவர் கேட்ட கேள்விக்குப் பதில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வந்தது. ஷூவை மட்டும் மாற்றிப் போட்டுக்கொண்டோம், சரியாக இருந்தது.

கீழே இறங்கி வந்து நான் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அம்மா இட்லியைத் தின்றுகொண்டே தெரியும் என்றாள். எப்போதிலிருந்து என்றேன். “வேன விட்டு எறங்கி அரை கிலோமீட்டர்லயே. பிரகதாம்பா அக்கா பையன் போட்டோவக் காட்டுனாங்க, அதுல நம்ம ஸ்வீட்டியோட பச்சக் குடை இருக்கு.” ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். “நீங்க பாட்டுக்குச் சந்தோசமா சந்தேகப்பட்டுக்கிட்டு வந்தீங்க, எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்.” பள்ளத்தில் போன் எடுக்காது. திரும்பி வருகிற வழியில் ஒரு மேட்டில்தான் சிக்னல். அங்கே ஆண்டியப்பன் நின்று மகனைக் கூப்பிட்டார், எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். உங்களுக்கு அங்கே விடியாத நேரம், முதல் மணியிலேயே எடுத்தான், காத்துக்கொண்டிருந்தவன் எடுப்பதுபோல. “ஏன்டா, ஷூவும் மாறிக் கெடக்கு, ஒங்க குட்டும் ஒடஞ்சு கெடக்கு, என்னடா நடக்குது அங்க?” என்றார். அந்தப் பையன், “ஷூ சைஸ மாத்திப் போட்டது நாந்தாம்ப்பா, ஸ்வீட்டி மேல தப்பில்ல” என்றான். பிடிபட்ட இடத்தில் முதல் வார்த்தையாகத் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறவன் ஒன்று நல்லவனாக இருக்க வேண்டும், இல்லை நன்றாகத் தயார் செய்தவனாக இருக்க வேண்டும். எது என்று இன்னும் விசாரிக்க வேண்டியிருக்கிறது. நேராக வீட்டில் சொல்ல என்ன கேடு என்று அவர் கேட்டதற்கு அவன், “நம்ம வீட்டுக்காக இல்லப்பா. அவங்க அப்பா யாரையும் லேசுல நம்ப மாட்டாங்களாம். நாலு மணி நேரம் ஒங்க கூட நடந்து பேசிட்டாங்கன்னா நம்பிருவாங்கன்னு ஸ்வீட்டிதான் சொன்னா, அதான்” என்றான். நான் பக்கத்தில் நிற்கிறேன் என்று அவனுக்குத் தெரியாது. ஆண்டியப்பன் என்னைப் பார்த்துவிட்டு ஸ்பீக்கரை அணைத்தார்.

அதற்குப் பிறகு நடந்தது அவ்வளவு நன்றாக இல்லை. அவர் போனை வைத்துவிட்டு, இது எங்கள் பக்கம் நடக்காது, சொந்தபந்தத்துக்குப் பதில் சொல்ல முடியாது என்றார். அதே வார்த்தையைச் சொல்லத்தான் நானும் வாயைத் திறந்துகொண்டிருந்தேன், அவர் முந்திக்கொண்டதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் மகளுக்கு என்ன குறை என்றேன். குறை என்று யார் சொன்னது என்றார். “சொல்லாமலா மூஞ்சிய அப்படி வச்சிருக்கீங்க” என்றேன். “எம் மயனுக்கு மட்டும் என்ன சார் கொறச்சல்?” என்றார். இருவருக்கும் குறையில்லை என்று இருவரும் சத்தமாக ஒப்புக்கொண்டோம், கார்முகில் குரங்கு ஏதும் வந்துவிட்டதோ என்று திரும்பி ஓடி வந்தான். வேனில் அவர் முன் சீட்டு, நான் கடைசி சீட்டு. அம்மாவும் அந்த அம்மாவும் நடு சீட்டில் உட்கார்ந்து போன் நம்பர் வாங்கிக்கொண்டார்கள், நாங்கள் பார்க்கவில்லை என்று நினைத்து. கீரனூரில் நாங்கள் இறங்கியபோது ஆண்டியப்பனும் டீ குடிக்கிற சாக்கில் இறங்கினார். என் பக்கத்தில் வந்து நின்று, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, “ஒங்க பொண்ணு கொணம் எப்படி?” என்று கேட்டார். ஒரு வார்த்தை தவறாகச் சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். பொய் எழுதிப் பழக்கமில்லாததால், என் குணம் என்றேன். அவர் டீயை முழுதாகக் குடித்தார். “அப்ப ரொம்பக் கஷ்டந்தான்” என்று சொல்லி வேனில் ஏறிக்கொண்டார். ஏறிய பிறகு ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினார். அது போய் வருகிறேன் என்பதா, ஆளை விடு என்பதா என்று மூன்று நாளாக யோசிக்கிறேன்.

அன்று சாயங்காலம் நீ போன் செய்து அருவி எப்படிப்பா இருந்துச்சு என்று கேட்டாய். தண்ணீர் இருந்தது என்று சொல்லி அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். எல்லாம் தெரிந்தும் நீ கேட்டாய், எல்லாம் தெரிந்தும் நான் சொல்லவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் கீரமங்கலத்துக்குப் போன் போட்டேன். மகள் மனதில் வேறு ஒருவர் இருக்கிறார், தெரிந்தும் மறைத்து ஓலைக்குப் பெயர் கொடுக்க என்னால் முடியாது என்றேன். வில்லங்கம் தெரிந்த பிறகு இல்லை என்று எழுதி ஒரு பத்திரமும் நான் முடித்ததில்லை, அதனால்தான் சொன்னேன், அந்தப் பையனுக்காக இல்லை. ஆண்ட்ரூஸ், “வருத்தந்தாண்ணே. ஆனா நேராச் சொன்னீங்க பாருங்க, அது போதும்” என்றார். ஆக, கீரமங்கலம் முடிந்தது. திருவரங்குளம் இன்னும் தொடங்கவில்லை. நான் சம்மதம் சொல்லிவிட்டேன் என்று அந்தப் பையனிடம் போய்ச் சொல்லிவிடாதே. அவன் மதம் ஒரு பக்கம் நம் மதம் ஒரு பக்கம், சாமியாரிடம் என்ன சொல்வது, ஆண்டியப்பன் அவர் ஆட்களிடம் என்ன சொல்வார், ஒன்றும் தெரியவில்லை. பாறை மேல் குழாய் தேடிய ஆளைச் சம்பந்தியாக வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க முடியுமா என்றும் எனக்குச் சந்தேகம், அவருக்கும் அதே சந்தேகம் இருக்கும்.

ஒன்று மட்டும் எழுதி வைக்கிறேன், மூன்று நாளாகச் சாப்பாடு இறங்காமல் செய்தது அதுதான். அந்தக் காட்டில் நான் வேனைச் சந்தேகப்பட்டேன், விசிலைச் சந்தேகப்பட்டேன், தண்ணீரைச் சந்தேகப்பட்டேன். உன்னைச் சந்தேகப்படவில்லை. நீ என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறாய், அப்பாவிடம் கேட்டால் மறுத்துவிடுவார் என்று. யாரோ ஒரு பையன் அதை ஸ்பீக்கரில் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. உன் சந்தேகம் சரிதான், மறுத்திருப்பேன். இருந்தாலும் என்னிடம் கேட்டிருக்கலாம்.

பனிக்காலம், காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. கிறிஸ்துமஸ் அன்று டூட்டி என்றாலும் பூசையை விட்டுவிடாதே. ஈஸ்டருக்கு லீவு எழுதிப் போடும்போது இரண்டு பேரும் ஒரே நாளில் எழுதிப் போட வேண்டாம், அங்கேயும் பார்க்கிறவர்கள் இருப்பார்கள். வந்தால் அவனும் வரட்டும், முன்னறையில் இரண்டு பேருக்கும் நாற்காலி போடுகிறேன், அதற்கு மேல் இப்போது எதுவும் உறுதி சொல்ல முடியாது. ஆண்டவர் உன்னைக் காக்கட்டும், மாதா உன் கூட இருக்கட்டும். அம்மா முத்தம் கொடுக்கச் சொன்னாள், அந்தப் பையன் மீன் சாப்பிடுவானா என்று கேட்டு எழுதவும் சொன்னாள், எதற்கு என்று கேட்டேன், சும்மா என்கிறாள்.

இப்படிக்கு,
உன் பதிலை எதிர்பார்க்கும் அப்பா,
ச. தைரியநாதன்